ஜெபித்தும் கஷ்டம் தீராதபோது விசுவாசத்தில் நிற்பது எப்படி?

சகோதரிக்கு ஸ்தோத்திரம். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கடையை மூடியாகிவிட்டது. வட்டிக்கு வாங்கிய பணம் கழுத்தை நெரிக்கிறது. உபவாச ஜெபம், சங்கிலி ஜெபம் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. இப்போது சபையில் சிலர், "உங்க விசுவாசத்துல எங்கயோ குறை இருக்கு, அதனாலதான் சுகம் தடைபடுது" என்கிறார்கள். உங்களுக்கோ ஜெபிக்க வாய் வரவில்லை. ஆராதனையில் எல்லாரும் பாடும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. "ஜெபம் பண்ணியும் அப்பாவுக்கு ஏன் சரியாகல?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் பின்வாங்கிப்போகிறேனா, எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் குற்றச்சாட்டிலிருந்தே தொடங்குகிறேன். இப்போது உங்களை அதிகமாக நோகடிப்பது நோயைவிட அதுதான் என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது.

விசுவாசம் இருந்தால் கண்டிப்பாகச் சுகம் உண்டு, சுகம் இல்லையென்றால் விசுவாசம் இல்லை என்ற போதனை வேதாகமத்தில் இல்லை. அப்போஸ்தலன் பவுலைப் பாருங்கள். அவர் கையால் எத்தனையோ பேர் சுகமடைந்தார்கள். அதே பவுல் தன் கடைசிக் கடிதத்தில், தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். ஏன் சுகமாகவில்லை என்று விளக்கவும் இல்லை, துரோப்பீமுவின் விசுவாசத்தைக் குறை சொல்லவும் இல்லை. அவருடைய இன்னொரு உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். அதற்குப் பவுல் சொன்னது வயிற்றுக்கு ஒரு கைவைத்தியம். தன் மாம்சத்தில் குத்தின முள் நீங்கவேண்டும் என்று பவுலே மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அந்த வசனத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறோம். ஆனால் 'இல்லை' என்று சொல்லப்பட்ட ஒரு ஜெபத்துக்கு வந்த பதில் அது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

விசுவாசத்தின் அளவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் வலிப்பு வந்த பிள்ளையின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே கத்துகிறான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, முதலில் போய் விசுவாசத்தை முழுசாக்கிக்கொண்டு வா என்று சொல்லவுமில்லை. பிள்ளையைச் சுகமாக்கினார். அங்கே சுகம் கிடைத்தது, துரோப்பீமுவுக்கு அப்போது கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், சுகத்தை அளவுகோலாக வைத்து யாருடைய விசுவாசத்தையும் அளக்க முடியாது என்பது தெளிவாகிறது.

கஷ்டப்படுகிறவரிடம் குறை தேடும் இந்தப் பழக்கம் புதிதும் அல்ல. எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் மூன்று சிநேகிதர் முதலில் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஏழு நாள் ராவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் வாயைத் திறந்தார்கள், அங்கேதான் எல்லாம் கெட்டது. "நீ பாவம் செய்திருப்பாய், ஒத்துக்கொள், எல்லாம் சரியாகும்" என்பதையே அதிகாரம் அதிகாரமாகச் சுற்றிச் சுற்றிச் சொன்னார்கள். யோபு என்ன செய்தான் தெரியுமா? தான் பிறந்த நாளைச் சபித்தான். தேவனை வழக்குக்கு அழைத்தான். நம்முடைய சபைகளில் ஒருவர் எழுந்து அப்படிப் பேசினால் உட்காரவைத்துவிடுவோம். ஆனால் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அந்தச் சிநேகிதரில் ஒருவனான எலிப்பாசிடம், "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். தேவனுக்காக வாதாடினவர்கள்மேல் அவருக்குக் கோபம். அவரிடமே வந்து வாதாடினவன் பக்கம் அவர் நின்றார். உங்களிடம் குறை கண்டுபிடிக்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நாற்பத்திரண்டாம் அதிகாரம் ஒன்றே அதற்குப் போதும்.

கஷ்டம் வந்தால் பாவம்தான் காரணமா என்ற இதே கேள்வி இயேசுவிடமும் வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரை அவரே எடுத்துக்காட்டி, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்றார். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 நம்முடைய கடற்கரையில் யாரும் மறக்காத நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்நாட்டில் மட்டும் 8,000 பேரளவுக்கு இறந்தார்கள், அதில் 6,000க்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். வேளாங்கண்ணிக்கு வந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. கோயிலுக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள் என்று பலர் சாட்சி சொன்னார்கள். தப்பினவர்கள் நன்றி சொல்லட்டும், அது அவர்கள் கடமை. ஆனால் கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அதைச் சாட்சியாகச் சொன்னால், அவள் காதில் அது என்னவாக விழும்? உங்கள் சபையில் நடப்பதும் அதேதான். சுகமடைந்தவரின் சாட்சியைச் சுகமடையாதவரின் மேல் தீர்ப்பாக்குகிறார்கள். இதைச் செய்யக்கூடாது என்று சபையில் வெளிப்படையாகச் சொல்லவேண்டிய காலம் இது.

இனி வாக்குத்தத்தங்களுக்கு வருவோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுப்போம் இல்லையா, அதில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று கர்த்தர் சொல்லும் வசனம். அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் அச்சடிக்கமாட்டார்கள். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்பு உங்களைச் சந்திப்பேன் என்பதுதான் அது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இந்த வாக்குத்தத்தம் வருகிறது. அதைக் கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பி வருவதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். பாபிலோனுக்கு அடிமைப்படுவதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எல்லார் முன்னாலும் பிடுங்கி உடைத்து, இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். ஜனங்களுக்குப் பிடித்த செய்தி. எரேமியாவே, "ஆமென், அப்படியே ஆகட்டும்" என்றுதான் முதலில் சொல்கிறார், ஏனென்றால் அவருக்கும் அது ஆசைதான். ஆனால் அது கர்த்தர் சொன்னதல்ல. இந்த மாதம் முடிவதற்குள் உனக்கு அற்புதம் என்று தேதி குறித்துச் சொல்கிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அனனியா ஞாபகம் வருகிறான். அந்தத் தேதி வந்து போகும்போது அவர்கள் வேறு ஊரில் கூட்டம் நடத்திக்கொண்டிருப்பார்கள், இடிந்துபோவது உங்கள் வீடு. அப்படி யாராவது காணிக்கையை விதையாகப் போட்டால் கடன் தீரும் என்று சொன்னால், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். டயாலிசிஸை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டு என்று சொன்னால், அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். நிறுத்தினால் உயிர்தான் போகும். அது தேவனைப் பரீட்சை பார்ப்பது. ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதி என்று பிசாசு சொன்னபோது இயேசு மறுத்தது அதைத்தான்.

அப்படியானால் விசுவாசம் என்பது என்ன? சிலையை வணங்காவிட்டால் அக்கினிச்சூளையில் போடுவேன் என்ற பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாருக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர் சொன்னது இதற்கு நல்ல பதில். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன அதே மூச்சில், "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள். விடுவிப்பாரா என்று அவர்களுக்குத் தெரியாது. யாருக்குச் சொந்தம் என்பது தெரியும். சகோதரி, கணவருக்குச் சுகம் கேளுங்கள், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்படி கேளுங்கள், வெட்கப்படாமல் தினமும் கேளுங்கள். கேட்பதும் விசுவாசம்தான். கிடைக்காத நாளிலும் அவரை விட்டுப் போகாமல் இருப்பதும் விசுவாசம்தான்.

நீங்கள் ஜெபிக்க வாய் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் பார்த்தவரையில் கஷ்டத்தில் இருக்கிற பலர் இங்கேதான் தட்டுத்தடுமாறுகிறார்கள். ஜெபம் என்றால் ஸ்தோத்திரத்தில் தொடங்கி நன்றியில் முடிக்கவேண்டும், நடுவில் முறுமுறுப்பு வரக்கூடாது என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித்தந்துவிட்டார்கள். ஆனால் சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். பதின்மூன்றாம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள், ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கி, முதல் இரண்டு வசனத்தில் நான்கு தடவை 'எதுவரைக்கும்' வருகிறது. கடைசி வசனத்தில் பாடுவேன் என்கிறார் தாவீது. நடுவில் என்ன நடந்தது, கஷ்டம் தீர்ந்ததா என்று எழுதவில்லை.

அந்தக் கடைசி வசனம்கூட உங்களால் சொல்ல முடியாத நாள் வரும். அன்றைக்கு எண்பத்தெட்டாம் சங்கீதம் இருக்கிறது. ராவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, ஏன் உம்முடைய முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, சிநேகிதனும் தோழனும் தூரமாய்ப் போனார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று அப்படியே நின்றுவிடுகிறது. வெளிச்சம் இல்லை, அல்லேலூயா இல்லை. அதையும் சேர்த்துத்தான் எருசலேம் ஆலயத்தில் பாடினார்கள், நம்முடைய வேதாகமத்திலும் அது இருக்கிறது. இருட்டில் முடிகிற ஜெபத்தையும் தேவன் தன் ஜனத்தின் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார் என்றால், உங்கள் அழுகையை அவர் கோபமாக எடுத்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டியதில்லை. சிலுவையில் இயேசு உரக்கச் சொன்னதும் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரிதான், "ஏன் என்னைக் கைவிட்டீர்?" வருஷாவருஷம் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தையாக அதைத் தியானிக்கிறோம். ஆனால் நம்மில் ஒருவர் அதே கேள்வியைச் சாதாரண ஒரு வியாழக்கிழமை கேட்டால் பின்வாங்கினவர் என்கிறோம்.

ஆகவே சொந்த வார்த்தை வராத நாளில் இந்தச் சங்கீதங்களைச் சத்தமாக வாசியுங்கள். டயாலிசிஸ் அறைக்கு வெளியே நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்களே, அப்போது ஒன்றே ஒன்றை, அவசரமில்லாமல் வாசியுங்கள். 13, 22, 42, 77, 88 என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஜெபம் வேண்டாம்.

சுகமாயிருக்கிறவன் சொல்வதுதானே என்று நினைப்பீர்கள். அதனால் சுகமாகாமலே இருபது வருஷம் கிடந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எமி கார்மைக்கேல் அம்மையார் 1895ல் இந்தியாவுக்கு மிஷனெரியாக வந்தவர், களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் டோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தவர். பிள்ளைகள் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு வலதுகை மாதிரி இருந்த பொன்னம்மாள் 1915ல் புற்றுநோயில் இறந்தார். 1931 அக்டோபர் 24ஆம் தேதி, களக்காட்டில் ஊழியத்துக்காக எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப்போன இடத்தில், மங்கலான நேரத்தில், புதிதாகத் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அப்போது வயது அறுபத்து மூன்று. சீக்கிரம் எழுந்து நடப்பார் என்று நம்பினார்கள், ஜெபித்தார்கள். ஆனால் வலி விடவில்லை. 1951 ஜனவரி 18ல் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த ஒரே அறைதான்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. நோயாளிகளுக்கென்று வருகிற துண்டுப்பிரதிகள் அவருக்கும் வந்தன. படுக்கையில் கிடந்து வாசித்துப் பார்த்தபோது, அவையெல்லாம் நல்ல சுகத்தோடு இருக்கிறவர்கள் எழுதினவை, வலியில் கிடக்கிறவருக்கு அவை எட்டவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அதனால் வலி இருக்கும்போதே, ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்கு எழுதுவதுபோல எழுதத் தொடங்கினார். அந்தப் படுக்கையிலிருந்தே பல புத்தகங்கள் வெளிவந்தன. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்லத் துணிவார்கள்? அற்புதங்களை நம்பினவர், கேட்டுப் பெற்றவர், இதை மட்டும் கேட்டுப் பெறாதவர். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. யோபுவுக்கும் கடைசிவரைக்கும் காரணம் சொல்லப்படவில்லை. காரணம் சொல்கிறேன் என்று உங்களிடம் வருகிறவர்களைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். திரும்பவும் தூங்கவிட்டு, திரும்பவும் சாப்பிடச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும். நீங்கள் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? கணவருக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்துவிட்டு நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்? ஜெபம் வராததற்குப் பாதிக் காரணம் உடம்பு ஓய்ந்துபோனதாக இருக்கலாம். விடியற்காலையில் சாகலாமா என்ற நினைப்பு வந்தால், அதைப் பாவம் என்று மூடி மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், டெலிமானஸ் என்ற அரசுச் சேவை, தமிழிலேயே பேசலாம். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பதும் டயாலிசிஸ் செய்வதும் ஒன்றுதான், இரண்டிலும் விசுவாசக் குறைவு இல்லை. பணத்துக்கும் அப்படியே. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது, அட்டை இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் கேளுங்கள். இதுவரை கைக்காசு போட்டுத்தான் செய்கிறீர்கள் என்றால் நாளைக்கே விசாரிக்கவேண்டியது இதுதான்.

தனியாகச் சுமக்காதீர்கள். கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைக் கூட அழைத்துக்கொண்டு போய், என்னோடேகூட விழித்திருங்கள் என்றார். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை" என்று மாற்கு எழுதுகிறார். உங்களால் விசுவாசிக்க முடியாத நாளில் உங்களுக்காக விசுவாசிப்பதற்குத்தான் சபை இருக்கிறது. குறை சொல்கிறவர்களை விட்டுவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்த இரண்டு பேரைத் தேடுங்கள், எந்தச் சபையிலும் இருப்பார்கள், பெரும்பாலும் கஷ்டம் பார்த்த வயதான அம்மாமார்கள். சபைப் போதகரான ஐயரிடம் சொல்லி வீட்டில் திருவிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். கணவர் தண்ணீர் அளந்து குடிக்கவேண்டியவர் என்பதால் அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துக் கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பாட முடியவில்லையென்றால் பாடவேண்டாம், போய் உட்காருங்கள், மற்றவர்கள் பாடட்டும்.

நம்முடைய நம்பிக்கை இந்த வியாதி தீருவதோடு முடிந்துவிடுவதல்ல என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. "இம்மைக்காகமாத்திரம் நாம் கிறிஸ்துவின்மேல் நம்பிக்கையுள்ளவர்களாயிருந்தால்" எல்லாரையும்விடப் பரிதாபமானவர்கள் நாம்தான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். இயேசு உயிரோடு எழுப்பின லாசருவும் ஒருநாள் மறுபடி இறந்திருப்பான். ஆனால் இயேசு கல்லறையைவிட்டு எழுந்தது அப்படியல்ல, அவர் மறுபடி மரிப்பதில்லை. அதன்மேல்தான் நாம் நிற்கிறோம். இதை அழுகையை அடக்குவதற்காகச் சொல்லவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு கண்ணீர் விட்டார்.

கடைசியாகப் பிள்ளைகள். அவர்களிடம் பொய்யான வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள். "ஜெபம் பண்ணு, அப்பாவுக்குச் சரியாயிடும்" என்று சொல்லி, ஆகாமல் போனால் அவர்கள் தேவனையும் உங்களையும் சேர்த்தே நம்பமாட்டார்கள். "அப்பாவுக்குச் சுகம் வேணும்னு நாம கேட்டுக்கிட்டே இருக்கோம். எப்போ, எப்படின்னு அம்மாவுக்கும் தெரியாது. அம்மாவுக்கும் சில நேரம் இயேசப்பாகிட்டக் கோபம் வருது, அதையும் அவர்கிட்டேயே சொல்றேன். அவர் நம்மள விட்டுப் போகமாட்டார்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ராத்திரி குடும்ப ஜெபத்தில் பதின்மூன்றாம் சங்கீதத்தை ஆளுக்கு ஒரு வசனமாக வாசிக்கவையுங்கள். ஆறு வசனம்தான், தூக்கம் வருவதற்குள் முடிந்துவிடும். கேள்வி கேட்டால் கேட்கட்டும். பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஜெபம் முடிந்ததும் அவர்களோடு நீங்களும் நேரத்தோடு படுத்துவிடுங்கள், மறுநாள் டயாலிசிஸ் நாளாக இருந்தால் காலையில் சீக்கிரம் கிளம்பவேண்டும் அல்லவா.